பட்டியலில் இல்லாத வீடு

பதிமூன்று வருடங்களாகப் பவளம் எந்த ஊரிலும் ஓட்டுப் போட்டதில்லை. கடைசியாகப் போட்டது திருச்செங்கோட்டில், கல்யாணமான புதிதில். இரண்டு மாதம் கழித்துக் கணவன் தீபக்கோடு டெக்சாஸுக்கு வந்துவிட்டாள். அங்கே வாக்காளர் பட்டியலிலிருந்து அவள் பெயர் போய்விட்டது. இங்கே விசாவில் இருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை. கிரீன் கார்டுக்கு அவர்கள் வரிசையில் நின்றது 2013இல். அது எப்போது வரும் என்று வக்கீலுக்கே தெரியாது. வந்தாலும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இன்னும் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் அவள் ஒரு குறையாக நினைத்ததே இல்லை, மகள் மகிழினி படிக்கும் பள்ளிக்கூடத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வரும்வரை.

இர்விங் நகரத்து அபார்ட்மென்ட்டை விட்டு இந்தப் புறநகருக்கு அவர்கள் வீடு மாறியதே அந்தப் பள்ளிக்கூடத்துக்காகத்தான். வீட்டிலிருந்து ஏழு நிமிட நடை. புதன்கிழமைகளில் பவளம் அங்கே நூலகத்தில் புத்தகம் அடுக்கிக் கொடுப்பாள். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், மூடிவிடலாம் என்று பள்ளி வாரியத்தில் சிலர் சொன்னார்கள். வாரியத்தில் ஏழு பேர். அதில் ஓர் இடத்துக்கு மே மாதம் தேர்தல் வந்தது. மூடக்கூடாது என்று சொல்லி அதில் நின்றவள் ஜெபினா. நாகர்கோவில்காரி, குழந்தைகள் மருத்துவமனையில் நர்ஸ், குடியுரிமை வாங்கி ஆறு வருடம் ஆகியிருந்தது.

தீபக்குக்குப் பயம். "விசால இருந்துட்டு நமக்கு எதுக்கு பாலிடிக்ஸ்? நாளைக்கு கான்சுலேட்ல விசா ஸ்டாம்பிங்குக்கு நிக்கிறப்ப ஏதாவது கேட்டா என்ன சொல்லுவ?"

பவளம் அதை ஜெபினாவிடம் போய்க் கேட்டாள். "நானும் விசாரிச்சுட்டேன் பவளம். நீ காசு குடுக்கக் கூடாது, காசு வாங்கவும் கூடாது. சும்மா வீடு வீடா நடந்து பேசுறதுக்குத் தடை இல்ல" என்றாள் ஜெபினா.

"அப்ப நடக்குறேன்க்கா."

ஏப்ரல் மாதச் சனிக்கிழமைகளில் நடந்தாள். போனில் ஒரு செயலி. தெருவைத் தொட்டால் ஓட்டுள்ள வீடுகளின் எண்ணும், வீட்டில் இருப்பவர்களின் பெயரும், கடைசி நாலு தேர்தலில் வந்தார்களா இல்லையா என்பதும் தெரியும். யாருக்குப் போட்டார்கள் என்பது இருக்காது. முதல் நாள் கதவைத் தட்டவே கை எழவில்லை. பிறகு பழகிவிட்டது. மே மாதம் ஒரு தேர்தல் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. "அதிபர் தேர்தல் நவம்பரில்தானே?" என்று கேட்டார்கள்.

பதிமூன்றாம் தேதி அவளுடைய சொந்தத் தெரு வந்தது. 412 இருந்தது. அடுத்து 420. நடுவில் இருக்கும் 416 அவள் வீடு. அது பட்டியலில் இருக்காது என்று தெரிந்ததுதான். இருந்தும் தன் வீட்டு வாசலைத் தாண்டிப் போகும்போது கால் கொஞ்சம் தயங்கியது. ஜன்னல் வழியே மகிழினி கையசைத்தாள்.

தெருக்கோடியில் இன்னொரு வீடும் பட்டியலில் இல்லை. சேனாபதியின் வீடு. ஈரோட்டுக்காரர், ஐம்பது வயதிருக்கும், மனைவி பர்வதத்தோடு சாயங்காலம் நடக்கப் போவார். அவர்களும் நம்மைப் போல விசாவில்தான் இருக்கிறார்கள் போல என்று நினைத்தபோது மனதுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. காரேஜைத் திறந்து வைத்துக் கார் கழுவிக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"என்னங்க பவளம், கையில நோட்டீஸ்? வெயில்ல இப்படி அலையறீங்க?"

அவள் சொன்னாள். அவர் நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த அம்மா எந்தப் பார்ட்டிங்க?"

"ஸ்கூல் போர்டுக்குப் பார்ட்டி பேரே போட மாட்டாங்கண்ணா. ஆளைப் பார்த்துத்தான் போடணும்."

"நல்லதுங்க. நான்கூட சிட்டிசன் ஆகி ஒன்பது வருசம் ஆச்சு. ஒருக்காகூடப் போட்டதில்ல. எந்தப் பார்ட்டிலயும் மெம்பர் இல்ல பாருங்க, நமக்கெல்லாம் விடுவாங்களோ என்னவோன்னு இருந்துட்டேன்."

பவளத்துக்கு முதலில் புரியவில்லை. "சிட்டிசனா? அப்புறம் ஏன் உங்க பேரு லிஸ்ட்ல இல்ல?"

"ரிஜிஸ்டர் பண்ணலீங்க. பாஸ்போர்ட் வந்துச்சு, அது போதும்னு விட்டுட்டேன்."

"டெக்சாஸ்ல பார்ட்டில சேரவே வேண்டாம்ணா. மார்ச்ல பார்ட்டி ஆளைத் தேர்ந்தெடுக்கிற ப்ரைமரிக்குப் போனா எந்தப் பார்ட்டி ஓட்டுச் சீட்டு வேணும்னு அங்கயே கேப்பாங்க. நவம்பர்ல யாருக்கு வேணா போடலாம். பேரு மட்டும் பதிஞ்சிருக்கணும். ஊர்ல மாதிரி வீட்டுக்கு வந்து யாரும் எழுதிக்க மாட்டாங்க, நாமதான் செய்யணும்." குரல் உயர்வது அவளுக்கே தெரிந்தது. "இந்தத் தேர்தலுக்குக் கடைசி நாள் ஏப்ரல் நாலு. இன்னைக்குத் தேதி பதிமூணு."

"சரி விடுங்க, அடுத்த தடவை போட்டுக்கலாம்."

"உங்களுக்கு அடுத்த தடவை இருக்குங்கண்ணா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். இரண்டு வீடு தள்ளித்தான் கண் கலங்கியிருப்பதைக் கவனித்தாள். வயதில் மூத்தவரிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டாம் என்று இரவுச் சாப்பாட்டின்போது தீபக்கிடம் சொன்னாள். அவன் இன்னொரு தோசை வைத்துக்கொண்டான்.

தேர்தல் நாளன்று பவளம் காலை ஏழு மணியிலிருந்து நகர நூலகத்தின் வெளியே பதாகையோடு நின்றாள். வாசலிலிருந்து நூறு அடி தள்ளி ஒரு பலகை நட்டிருந்தார்கள். அதைத் தாண்டிப் பிரசாரம் கூடாது. ஒரு மணி நேரத்துக்குப் பதினைந்து, இருபது பேர் வந்தார்கள். மதியம் அவளுக்குக் கழிப்பறை போக வேண்டியிருந்தது. பதாகையைச் சாய்த்து வைத்துவிட்டு, ஜெபினாவின் பெயர் போட்ட டி-ஷர்ட்டுக்கு மேல் ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

வழியில்தான் ஓட்டுச்சாவடி அறை. கதவு திறந்திருந்தது. இருபக்கமும் மறைப்பு வைத்த தொடுதிரைகள் ஆறேழு வரிசையாக நின்றன. ஒரு கிழவர் மட்டும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து படித்துக்கொண்டிருந்தார். மேசையில் இருந்த பெண் அலுவலர் பவளத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"ஓட்டுப் போடவா? வாங்க, வாங்க. வரிசையே இல்லை" என்று ஆங்கிலத்தில் சிரித்தபடி கைகாட்டினாள்.

எவ்வளவோ நாளாக யாரோ தன்னை அப்படிக் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தது போல இருந்தது பவளத்துக்கு. ஓரடி எடுத்தும் வைத்துவிட்டாள். பிறகு, "இல்லை, ரெஸ்ட்ரூம் எங்கே?" என்று கேட்டாள். அந்தப் பெண் வலதுபக்கம் காட்டினாள். பவளம் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் கை கழுவிக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் எட்டரை மணிக்கு ஜெபினாவின் வீட்டில் லேப்டாப்பைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. முடிவு வந்தது. ஜெபினாவுக்கு 1,908. எதிர்த்து நின்றவருக்கு 1,922. ஊரில் ஓட்டுள்ளவர்கள் முப்பத்தெட்டாயிரம் பேர்.

"பதினாலு ஓட்டு" என்றாள் ஜெபினா. மறுபடியும் மெதுவாக, "பதினாலு" என்றாள். அவள் கணவன் சமோசாத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டான்.

"நான் மேப்பிள் தெருவை முடிக்கலக்கா. மழை வந்துச்சுன்னு திரும்பிட்டேன். அந்தத் தெருவுல மட்டும் முப்பது வீடு" என்றாள் பவளம்.

"போடி. நீ நடந்த அளவுக்கு நானே நடக்கல."

வீட்டுக்குப் போனதும் மகிழினி கேட்டாள். "அம்மா, டிட் வீ வின்?"

"இல்லடா."

"பட் யூ நாக்ட் ஆன் ஸோ மெனி டோர்ஸ்." ஆளில்லாத வீட்டில்தான் நிறையத் தட்டியிருக்கிறேன் என்று சொல்லிச் சமாளித்தாள் பவளம்.

மறுநாள் காலையில் சேனாபதி வந்தார். உட்காரவில்லை. "பதினாலுன்னு கேள்விப்பட்டேனுங்க. எங்க வீட்டுலயே மூணு ஓட்டு இருக்கு, எனக்கு, பர்வதத்துக்கு, பையன் கிரீஷுக்கு. ராத்திரி பூரா அதையேதான் நினைச்சுட்டு இருந்தேன்."

பவளம் நூலகத்திலிருந்து வாங்கி வைத்திருந்த விண்ணப்பங்களில் மூன்றை எடுத்து நீட்டினாள். "எழுதிக் கையெழுத்துப் போட்டு நீங்களே தபால்ல போட்டுருங்கண்ணா. எழுதினதை நான் வாங்கி ஆபீஸ்ல குடுக்கக் கூடாது, அதுக்கும் சிட்டிசனா இருக்கணும்."

அவர் தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "உங்களுக்கு கிரீன் கார்டு எப்பங்க வரும்?"

"2013 வரிசைங்க."

அவர் வாசல்வரை போய்விட்டு, "அன்னைக்கு நீங்க பேசினது சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோடையில் வாரியம் கூடியது. நாலுக்கு மூன்று என்று பள்ளியை மூட முடிவானது. ஆகஸ்டிலிருந்து மகிழினி மஞ்சள் பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம் போய் வருகிறாள். பவளத்தின் புதன்கிழமைகள் வெறுமையாயின. அவ்வப்போது அந்தப் பக்கம் நடந்துபோய், கம்பிவேலிக்கு அந்தப்புறம் புல் வளர்ந்து கிடக்கும் விளையாட்டு மைதானத்தைப் பார்த்துவிட்டு வருவாள்.

அக்டோபர் கடைசியில் ஒரு மதியம், குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது சேனாபதி போன் செய்தார். முன்கூட்டியே ஓட்டுப்பதிவு நடக்கும் இரண்டு வாரம் அது.

"போட்டுட்டேனுங்க, பவளம். இப்பத்தான் வெளிய வந்தேன். ஒன்றரை மணி நேரம் லைன்ல நின்னோம், மூணு பேரும்."

"யாருக்குன்னு சொல்லாதீங்க" என்று சிரித்தாள்.

"சொல்லலீங்க. ஆனா நிக்கிறவங்க பட்டியல் எவ்ளோ நீளம் தெரியுங்களா? பிரசிடெண்டோட முடியும்னு நினைச்சேன். ஜட்ஜு, ஷெரிஃபு, அதுக்குக் கீழ நான் கேள்வியே படாத வேலைக்கெல்லாம் ஆள் நிக்கிறாங்க. ஒண்ணு விடாம கடைசி வரைக்கும் போட்டேன்."

பவளம் அடுப்பைக் குறைத்தாள். "தாள் வந்துச்சுங்களா?"

"வந்துச்சு. திரையில தொட்டு முடிச்சதும் அச்சாகி வருது. நாம படிச்சுப் பார்த்துட்டு இன்னொரு மெஷின்ல விடணும்."

"உள்ள போறப்ப சத்தம் கேக்குதுங்களா?"

"சர்ருன்னு இழுத்துக்குது. முழுசா உள்ள போற வரைக்கும் நின்னு பார்த்துட்டுத்தான் வந்தேனுங்க."

அவள் அடுப்பை அணைத்தே விட்டாள். நாற்காலியை இழுத்து ஜன்னலோரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அண்ணா, அவசரம் இல்லைன்னா முதல்ல இருந்து சொல்லுங்க. உள்ள போனதும் என்ன கேட்டாங்க?"

சேனாபதி கார் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அவர் நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார்.