சர்வருக்குத் தெரியாமல்

மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கும் பட்டறையில் மெஷின்களை இயக்கிய சர்வர் கம்ப்யூட்டர், ஒரு நாளைக்கு மூன்று தடவை தானாக அணைந்து தானாக எழுந்துகொண்டிருந்தது. முதல் வாரம் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. பாதி தேய்ந்து நின்றுபோன லென்ஸ்கள் ஒரு தட்டு நிறையச் சேர்ந்த பிறகுதான் பட்டறைக்காரி தன் அண்ணிக்குப் போன் செய்தாள்.

அண்ணி என்றால் முன்னாள் அண்ணி. அண்ணனுக்கும் அவளுக்கும் விவாகரத்தாகி ஒன்பது வருஷம். காகிதத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டது, வாயில் மட்டும் வார்த்தை மாறவில்லை. கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பது அண்ணியின் பிழைப்பு. நாத்தனார் கூப்பிட்டால் போகாமல் இருக்க அவளுக்கும் ஒரு காரணம் அகப்படவில்லை.

மூடியைக் கழற்றிப் பார்த்தாள். மதர்போர்டில் நான்கு கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது.

"போர்டு போச்சு. மாத்தணும்."

"மாத்துங்க அண்ணி. ஆனா உள்ள இருக்கறது எதுவும் கலையக் கூடாது. முதல்லேர்ந்து போடணும்னா அண்ணாவைத்தான் கூப்பிடணும்."

தேய்க்கும் மெஷின்களுக்கு அளவு சொல்லும் புரோகிராமை எழுதியவர் அண்ணாதான். அதை நிறுவும் டிஸ்க் அவரிடம் மட்டுமே இருந்தது. போர்டை மாற்றினால் எல்லாவற்றையும் புதிதாகத்தான் போட வேண்டும், இரண்டு நாள் வேலை என்று புரோகிராமைப் போட்ட அன்றைக்கே அவர் சொல்லிவிட்டிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான், மேல்முறையீடு கிடையாது. அண்ணிக்கு அதில் பதினோரு வருஷ அனுபவம் உண்டு.

அதே போர்டு இப்போது யாரும் செய்வதில்லை. வேறு கம்பெனியுடையது ஒன்று கிடைத்தது. பட்டறைக்கு வார விடுமுறை நாளாகப் பார்த்துக் காலை எட்டு மணிக்கு வந்தாள். முந்தின நாளே ஹார்ட் டிஸ்க்கை முழுசாக இன்னொன்றில் நகல் எடுத்துவைத்திருந்தாள். இனி செய்ய வேண்டியது, தூங்குகிறவனைக் கட்டிலோடு தூக்கிப்போய் வேறு வீட்டில் வைப்பது போன்ற வேலை. விழிக்கும்போது அவன் சுவரில் முட்டிக்கொள்ளக் கூடாது. அதனால் சர்வரை அணைப்பதற்கு முன்பே, டிஸ்க்கைப் படிக்கப் பழைய போர்டுக்கென்று இருந்த டிரைவர் மென்பொருளை நீக்கிவிட்டு, எந்தப் போர்டுக்கும் ஒத்துப்போகிற பொது டிரைவரை வைத்தாள். பிறகு ஒவ்வொரு ஒயருக்கும் காகித டேப்பில் நம்பர் ஒட்டி, போட்டோ எடுத்து, திருகுகளை ஒரு லென்ஸ் தட்டில் வரிசையாக அடுக்கினாள்.

மெஷின் அறைக்குத் தலைவர் மில்லி. எதையும் மில்லிமீட்டரில் பேசுவதால் வந்த பெயர். லீவு நாளிலும் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"புது போர்டு ரெண்டு மில்லி அகலம் ஜாஸ்தி," என்றார்.

"உக்காருதில்ல?"

"உக்காருது. சொன்னேன்."

பத்தரை மணிக்குச் சுவிட்சைப் போட்டாள். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது, மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் விட்டுவிட்டு மின்னியது. நாத்தனார் ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அண்ணி போர்டின் செட்டிங்கைத் திறந்து வரிவரியாகப் படித்தாள். டிஸ்க்கைப் படிக்கும் முறை பழைய போர்டில் ஒன்று, இதில் வேறு. பழையபடிக்கு மாற்றிவிட்டு மறுபடி போட்டாள். இந்தத் தடவை சர்வர் கொஞ்சம் யோசித்தது. அப்புறம் வழக்கமான நீலப் படம், வழக்கமான ஐகான்கள், நாத்தனார் மூலையில் போட்டுவைத்திருந்த பழைய விலைப் பட்டியல் உட்பட, இருந்த இடத்தில் இருந்தபடியே வந்தன.

"அண்ணி, வந்திடுச்சா? நான் அண்ணாவைக் கூப்பிட்டுட்டேனே," என்றாள் உள்ளே வந்த நாத்தனார்.

"என்ன சொன்னார்?"

"கிளம்பிட்டார்."

லென்ஸ் புரோகிராமைத் திறந்தாள் அண்ணி. ஒரு சின்னப் பெட்டி வந்தது. 'இது அங்கீகரிக்கப்பட்ட கணினி அல்ல. தொடர்புகொள்ளவும்' என்று எழுதி, கீழே ஒரு தொலைபேசி எண்.

மூன்று பேரும் அதைப் படித்தார்கள்.

"இது உங்க வீட்டு நம்பர்தானே அண்ணி?"

அவள் வீட்டு நம்பரேதான். அண்ணா வீட்டைவிட்டுப் போனபோது போன் வீட்டோடு தங்கிவிட்டது.

"அப்ப உங்களைத்தான் தொடர்புகொள்ளணும்," என்றார் மில்லி, சிரிக்காமல்.

அண்ணி யோசித்தாள். போர்டு மாறியது புரோகிராமுக்கு எப்படித் தெரிந்தது? நெட்வொர்க் சாக்கெட்டின் அடையாள எண்ணால்தான் இருக்கும். ஆங்கில எழுத்தும் எண்ணுமாகப் பன்னிரண்டு, ஒவ்வொரு போர்டுக்கும் தனி. பழைய போர்டின் ஓரத்தில் எறும்பு எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. அந்த எண்ணைப் புது போர்டின் நெட்வொர்க் செட்டிங்கில் அடித்தாள். அதே பெட்டி வந்தது. திரும்ப அடித்தாள். அதே பெட்டி.

"குடுங்க மேடம்." மில்லி பழைய போர்டை வாங்கி, லென்ஸில் கீறல் பார்க்கும் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தார். "நீங்க எட்டுன்னு அடிச்சது எட்டு இல்ல, பி. உங்களுக்குக் கிட்டப் படிக்கிற கண்ணாடி போடற வயசு வந்தாச்சு."

பி அடித்தாள். புரோகிராம் திறந்தது. ஒன்றாம் மெஷின் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது.

பன்னிரண்டு மணிக்கு அண்ணா வந்தார். தோளில் டிஸ்க் பை, கையில் இரண்டு நாளைக்கான துணிப்பை. ஓடிக்கொண்டிருந்த மெஷினைப் பார்த்தார், சர்வரைப் பார்த்தார், கடைசியாக அவளைப் பார்த்தார்.

"ரீஇன்ஸ்டால் பண்ணலயா?"

"இல்ல."

"லாக் இருந்திருக்குமே."

"இருந்தது. எதுக்கு வெச்சீங்க?"

அவர் துணிப்பையைக் கீழே வைத்தார். "போர்டு போனா கண்டிப்பா என்னைக் கூப்பிடுவாங்கன்னுதான். வேற நாலு பட்டறைக்கும் இதே புரோகிராம் குடுத்தேன். ஒருத்தரும் கூப்பிடல. அவங்க போர்டெல்லாம் நல்ல போர்டுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

அவள் போனில் போட்டோ எடுத்துவைத்திருந்த அந்தப் பெட்டியின் நம்பரைக் காட்டினாள். அவர் வெகுநேரம் படித்தார்.

"மாத்த மறந்துட்டேன்."

"மூணு பேர் கூப்பிட்டாங்க. லென்ஸ் வேலை செய்யலைன்னாங்க. கண் டாக்டர்கிட்ட போங்கன்னு சொல்லி வெச்சுட்டேன்."

நாத்தனார் டீ எடுத்துவருவதாகச் சொல்லிவிட்டு அவசரமாக வெளியே போனாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் இருமுவது கேட்டது.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சண்டைக்குத் தயாராக இருந்த அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் லாக்கை எடுத்துவிட நாற்பது நிமிஷம் ஆயிற்று. எழுந்திருக்கும்போது, "டிஸ்க் டிரைவரை முன்னாடியே மாத்தி வெச்சியா?" என்று கேட்டார்.

"ஆமா."

"எனக்கு அது தோணல," என்றார்.

பதினோரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வராத வாக்கியம் அது. மூடியைத் தூக்கி அவரிடம் கொடுத்து, "இதைக் கொஞ்சம் பிடிங்க, திருகணும்," என்றாள். அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.