பிளேஸுக்குக் கட்டியவர் யார்?

மெல்பர்ன் கோப்பை நாளன்று இப்போதெல்லாம் நான் வீட்டிலேயே உட்கார்ந்து டிவியில் பார்த்துக்கொள்கிறேன். பந்தயம் முடிந்ததும் பட்டென்று அணைத்துவிடுவேன். சண்டை போட ஆள் இல்லாமல் என்ன பந்தயம்? குதிரைகள் ஓடுவது என்னவோ கண்மூடித் திறக்கும் நேரம்தான். அப்புறம் அதைப் பற்றி வாய் கிழியப் பேசுவதில்தான் ருசியே இருக்கிறது. எங்கள் ஊர் பப்பில் அந்தப் பேச்சுக்கு மறுநாள் புதன்கிழமை மத்தியானம் என்று வழக்கம். தோற்ற பந்தயச் சீட்டை மேஜைமேல் போட்டுவிட்டு, ஏன் தோற்றேன் என்று ஆளுக்கொரு கதை சொல்ல வேண்டும். அடேயப்பா, என்ன பொய், என்ன பொய்!

என் வீட்டுக்காரர் க்ளெமின் குதிரை கோப்பையில் ஓடிய வருஷத்துப் புதன்கிழமையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். குதிரைக்குப் பெயர் சண்டே ரோஸ்ட். அந்தப் பெயர் வந்த கதையே ஒரு சண்டைதான். க்ளெமும் அவருடைய அண்ணன் ஆல்பியும் சேர்ந்து ஒரு பெட்டைக் குதிரை வாங்கினார்கள். அது போட்ட குட்டிக்கு முன்னங்கால் கோணல். "இது ஓடறதுக்கு ஆகாது. ஞாயித்துக்கிழமை அடுப்புல வேகறதுக்குத்தான் ஆகும், வித்துத் தொலை" என்றார் ஆல்பி. க்ளெம் முடியாது என்றார். வார்த்தை தடித்தது. வீம்புக்கென்றே அதற்கு அந்தப் பெயரை வைத்தார் க்ளெம். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது.

பேச்சுதான் நின்றதே தவிர ஒருவரை விட்டு ஒருவருக்கு இருக்கவும் தெரியாது. அதே பப், அதே நேரம். இவர் இந்தக் கோடி, அவர் அந்தக் கோடி, நடுவில் நான்.

"நோரீன், உன் புருஷன்கிட்ட சொல்லு, வேலி சாஞ்சு கெடக்கு, என் ஆடெல்லாம் உள்ள பூந்துடும்னு."

"நோரீன், அந்தாளுகிட்ட சொல்லு, புத்தியுள்ள ஆடு எங்க நிலத்துக்குள்ள வராதுன்னு."

எல்லாம் காதில் விழும் தூரத்தில்தான். நான் என்ன தபால்காரியா என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ஆல்பிக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. ஒருவரை ஒருவர் புதைப்பதற்குள் பேசிவிட மாட்டார்களா என்று நான் ஏங்காத நாளில்லை. அந்தக் கோணக்கால் குட்டி வளர்ந்து கோப்பைக்கே தேர்வானதும் எனக்கு ஒரு நப்பாசை வந்தது. குதிரை ஜெயித்தால் ஆல்பி பீர் கோப்பையோடு எழுந்து இந்தப் பக்கம் வந்துவிடுவார் என்று நினைத்தேன்.

ஊரே அந்தக் குதிரைமேல் கட்டியது, அதுவும் வின்னுக்கு மட்டும். முதலில் வந்தால்தான் பணம், இல்லாவிட்டால் பட்டை நாமம். முதல் மூன்றுக்குள் வந்தால் போதும் என்று பிளேஸுக்குக் கட்டலாம். புத்தியுள்ளவர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் சொந்த ஊர்க் குதிரைமேல் பிளேஸுக்குக் கட்டுவது எங்கள் ஊரில் கல்யாண வீட்டில் ஒப்பாரி வைப்பது மாதிரி. கசாப்புக்கடை மெர்வ் புது ஃப்ரீசர் வாங்க வைத்திருந்ததைக்கூட வின்னுக்கே கட்டினார்.

குதிரை மூன்றாவதாக வந்தது.

பப்பின் கூரை பிய்ந்துபோகும்படி கத்தினோம். முத்தம் என்ன, ஆட்டம் என்ன! எல்லாம் அடங்கிய பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஊர் பூராவும் ஒரே குதிரையை நம்பி, அந்தக் குதிரையும் மானத்தைக் காப்பாற்றி, ஒருத்தர் கையிலும் சல்லிக்காசு இல்லை. இப்படியொரு முட்டாள் ஊர் வேறு எங்கேயாவது உண்டா?

மறுநாள் மத்தியானம் வழக்கம்போலக் கூடினோம். க்ளெம் குதிரையை ஏற்றிக்கொண்டு மெல்பர்னிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

"ஜாக்கிப் பய வெளிப்பக்கமாவே ஓட்டினான். கடைசித் திருப்பத்துல உள்ள பூந்திருக்கணும். என் ஃப்ரீசர் அந்தத் திருப்பத்துலதான் போச்சு" என்று புலம்பினார் மெர்வ்.

பப்பிலேயே பந்தயப் பணம் வாங்கும் கவுண்ட்டரில் இருக்கும் க்ளெனிஸுக்கு வாய் சும்மா இருக்காது. "ஏன் எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க? ஒரே ஒருத்தர் மட்டும் பிளேஸுக்குக் கட்டியிருக்காங்க, தெரியுமா?"

"யாரு?"

"அதெல்லாம் சொல்ல மாட்டேன். என் வேலை போயிடும்."

அவள் சொல்லவே வேண்டாம். எல்லோர் தலையும் ஆல்பி பக்கம் திரும்பியது.

"என்ன ஆல்பி, இன்னிக்கு எல்லாருக்கும் நீதான் வாங்கித் தரணும் போலிருக்கே?" என்றார் மெர்வ்.

"உன் வேலையப் பாரு."

"கட்டினியா இல்லியா? அதச் சொல்லு."

"நான் எங்க கட்டினா உனக்கென்னடா? உன் அப்பன் வீட்டுக் காசா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தால் இருக்குமே, அந்த முகம். குதிரையை வேண்டாம் என்றவர் வேண்டாம் என்றே இருந்திருக்கலாம். ஜெயிக்காது என்று நம்பி, அதை வைத்தே காசும் பார்ப்பதா? க்ளெம் காதில் இது விழுந்தால் இந்த ஜென்மத்தில் இவர்கள் சேரப்போவதில்லை. நான் எழுந்து அவரிடம் போனேன்.

"அந்தச் சீட்டை இப்பவே கிழிச்சுப் போடு, ஆல்பி. உனக்கு வரவேண்டியத நான் தரேன். க்ளெமுக்குத் தெரிய வேணாம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீயுமா நோரீன்?" என்றார்.

அதற்குள் வெளியே குதிரையை ஏற்றி வந்த வண்டியின் ஹார்ன் கேட்டது. எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். க்ளெமைத் தூக்காத குறையாக உள்ளே கொண்டுவந்தார்கள். அவர் ஒரு பீரைக் குடித்து முடித்தார், வாயைத் துடைத்தார், நேரே கவுண்ட்டருக்குப் போய்ச் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார்.

"க்ளெனிஸ், இதுக்கு எவ்வளவு வருதுன்னு பாரேன்."

க்ளெனிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு நோட்டுகளை எடுத்து வைத்தாள்.

"அடப்பாவி! நீயா?" என்றார் மெர்வ். "உன் குதிரைடா அது!"

"என் குதிரைங்கறதாலதான். எவ்வளவு தூரம் வேணா ஓடுவான். கடைசியில எவனையாவது முந்தணும்னா மட்டும், நீ போப்பான்னு வழி விட்டுருவான். மூணாவது வந்தாலே பெரிசுன்னு எனக்குத் தெரியும்."

"எங்ககிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"நீங்க கேட்டாத்தானே? கொடியக் கட்டி வழியனுப்பிட்டீங்க. நான் எந்த வாயால சொல்றது?"

அந்தக் கோடியில் ஒரு ஸ்டூல் தடாலென்று விழுந்தது. ஆல்பி எழுந்து வந்தார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேரே க்ளெம் முன்னால் போய் நின்றார்.

"மூணாவதா? மூணாவதுன்னா நெனச்சே? அறிவிருக்காடா உனக்கு? திருப்பத்துல உள்ள விட்டிருந்தா அது ஜெயிச்சிருக்கும்!"

க்ளெமுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் விட்டுக்கொடுப்பாரா? "விட்டிருந்தாலும் ஜெயிச்சிருக்காது."

"ஜெயிச்சிருக்கும்! நான் வின்னுக்குக் கட்டியிருக்கேன்!" கசக்கிய சீட்டை கவுண்ட்டர்மேல் விட்டெறிந்தார்.

க்ளெம் அதைப் பிரித்துப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார். "நீ எதுக்குக் கட்டினே? அடுப்புக்குத்தான் ஆகும்னு சொன்ன ஆளு நீ."

"இப்பவும் அதத்தான் சொல்றேன். கோணக்கால் கழுத அது." ஆல்பியின் குரல் உடைந்துவிட்டது. "ஆனா என் தம்பி கோப்பைக்கு ஒரு குதிரை கொண்டுபோறான். மூணாவது வரும்னு நான் கட்டுவேனா?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இந்த மனுஷனையா சந்தேகப்பட்டோம் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. க்ளெம் நோட்டுகளைச் சட்டைப் பையில் திணித்தார். பிறகு பக்கத்து ஸ்டூலைக் காலால் தள்ளினார்.

"சரி, உக்காரு. எங்க உள்ள விட்டிருக்கணும்? காட்டு பாப்போம்."

ஆல்பி உட்கார்ந்தார். இருந்த பீர் கோப்பைகளையெல்லாம் இழுத்து, இது முதலில் வந்தது, இது இரண்டாவது, இது நம்மது என்று வரிசை வைத்தார். க்ளெம் நம்மதைப் பின்னால் தள்ளுவார், ஆல்பி முன்னால் தள்ளுவார். கோப்பை போதவில்லை என்று மெர்வ் குடித்துக்கொண்டிருந்ததையும் பிடுங்கிக்கொண்டார்கள். குதிரைக்குத் தண்ணீர் காட்ட நான்தான் வெளியே போக வேண்டியிருந்தது.

அடுத்த வருஷம் சண்டே ரோஸ்டுக்குத் தசை பிடித்துக்கொண்டது, கோப்பைக்குப் போகவில்லை. அண்ணனும் தம்பியும் மட்டும் சேர்ந்து மெல்பர்னுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.