அக்குள் முடிச்சுக்குத் துணை போனவர்

மனைவியை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனபோது கூரியர்காரர் அழவில்லை. வண்டிச் சக்கரத்தைத்தான் பார்த்தார். "முன்சக்கரம் இழுக்குது, எண்ணெய் விடணும்" என்று கதவு மூடும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும். அவருக்கு யோசனை சொல்ல வரும்.

டாக்டரம்மா முந்தின நாளே படம் போட்டு விளக்கியிருந்தார். மார்பில் இருக்கும் கட்டியை எடுக்கப் போகிறார்கள். அதற்கு முன் அதன் பக்கத்தில் ஒரு நீல மருந்தை ஊசி வழியாக ஏற்றுவார்கள். அந்த நீலம் நகர்ந்து போய் அக்குளில் எந்த நிணநீர் முடிச்சில் முதலில் சேர்கிறதோ, அதை எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். அங்கே உறையவைத்து, மெல்லியதாகச் சீவி, உடனே பார்த்துச் சொல்வார்கள். அதில் புற்றுநோய் இல்லையென்றால் தையல் போட்டு வெளியே அனுப்பிவிடலாம். இருந்தால் நோய் கிளம்பிவிட்டது என்று பொருள். அக்குளில் உள்ள மற்ற முடிச்சுகளையும் வழித்தெடுக்க வேண்டும், அப்புறம் காலத்துக்கும் கை வீங்கலாம்.

"புரிஞ்சிருச்சு டாக்டர். சரக்கு எங்க போறதா இருந்தாலும் முதல்ல டிப்போவுலதான் இறங்கும். நீங்க டிப்போவைத் திறந்து பாக்கறீங்க."

டாக்டரம்மா படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "கிட்டத்தட்ட" என்றார்.

அவருக்குப் புரியாமலே போயிருந்தால் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். பார்சல் தொழிலில் தலை நரைத்தவர் அவர். ஒரு பொட்டலம் எப்படியெல்லாம் தொலையும் என்பது அவருக்கு அத்துப்படி. பாதி அவரே தொலைத்தவை. மிக்ஸி கேட்ட வீட்டுக்கு நாய்ச் சங்கிலி கொடுத்துவிட்டு வந்த கை அது.

"தியேட்டர் மாடியில. லேப் கீழ. நடுவுல யார் கொண்டுபோறா?" என்று பெஞ்சில் பக்கத்தில் இருந்த மச்சினியைக் கேட்டார்.

"யாரோ கொண்டுபோவாங்க மாமா, உக்காருங்க."

"யாரோன்னா போச்சு. இதுவரைக்கும் தொலைஞ்சதெல்லாம் யாரோ கொண்டுபோனதுதான்."

"டாக்டர் வந்து சொல்லும்போது ஆள் இருக்கணும்னு சிஸ்டர் சொன்னாங்க."

"நீ இருக்கியே."

கதவு திறந்தது. பச்சை உடுப்புப் போட்ட ஆயா ஒருத்தி, பிளாஸ்டிக் பையில் சின்ன மூடி போட்ட டப்பாவோடு விறுவிறுவென்று வந்தாள். கூரியர்காரர் எழுந்துவிட்டார்.

"அம்மா, அது எங்க முடிச்சா?"

"தள்ளுங்க."

"நீலமா இருக்குமே, அதுவா?"

அவள் படியில் இறங்கினாள். அவரும் இறங்கினார். மூடி இறுக்கமா என்று கேட்டார். குலுக்காதீர்கள் என்றார். அவள் மூக்கைச் சொறியக் கை மாற்றியபோது, "ஒத்தைக் கையிலயா?" என்று பதறினார். படி திரும்பும் இடத்தில் குறுக்கே நின்றே விட்டார்.

"மேல எழுதியிருக்கிற பேரை ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க, போதும்."

"ஐயா, உங்க வீட்டம்மாவைப் படுக்கவெச்சுட்டு, டாக்டர் கையைக் கட்டிக்கிட்டு இதோட பதிலுக்குத்தான் நிக்கிறாங்க. நீங்க படிக்கட்டுல சோதனைச் சாவடி போட்டிருக்கீங்க. வழி விடறீங்களா, இல்ல மைக்ராஸ்கோப்பையும் நீங்களே பாத்துடறீங்களா?"

அவர் சுவரோடு பல்லியாக ஒட்டி வழி விட்டார். பின்தொடர்வதை மட்டும் விடவில்லை. இரண்டு படி தள்ளி நடந்தார். அவர் அகராதியில் அதற்குப் பெயர் மன்னிப்புக் கேட்பது.

லேப் கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. வெள்ளைத் தாடி வைத்த நிபுணரை எதிர்பார்த்து எட்டிப் பார்த்தார். கல்லூரிப் பெண் போல ஒருத்தி, கால்களை ஆட்டிக்கொண்டு, மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தாள். முதுகுதான் தெரிந்தது. முதுகைப் படிக்க முயன்றார். அவள் தலையைச் சொறிந்தாள். சொறிந்தால் இருக்கிறது என்று அர்த்தமா, இல்லை என்றா? பிறகு இந்தப் பக்கம் திரும்பி, போனை எடுத்துப் பேசினாள். நோயைப் பற்றிப் பேசுகிறாளா, அரிசி விலையைப் பற்றியா என்றுகூட அந்த முகத்தில் தெரியவில்லை.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அதே ஆயா, கையில் இன்னொரு டப்பா.

"இன்னொண்ணா?"

"இன்னொண்ணுதான்."

"எதுக்கு?"

"எனக்குச் சொல்ல மாட்டாங்க ஐயா."

இந்த முறை அவர் மூடியைப் பற்றிக் கேட்கவில்லை. பெயரைப் பற்றிக் கேட்கவில்லை. லேப் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். அவள் உள்ளே போனதும், முதலாவதில் நோய் இருந்ததால்தான் அடுத்ததையும் எடுக்கிறார்கள் என்று முடிவுகட்டி, அப்படியே தரையில் உட்கார்ந்தார். சண்டை வந்தால் மனைவி அந்தப் பக்கத்துக் கையைத்தான் இடுப்பில் வைப்பாள். அது வீங்கிப்போனால் இனிமேல் எப்படிச் சண்டை போடுவாள்? விட்டுக்கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு அப்படித் தோன்றியது அதுதான் முதல் முறை.

"மாமா! உங்களை எங்கெல்லாம் தேடறது?"

மச்சினி மூச்சு வாங்க நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அப்ப மேல யாரு இருக்கா?"

ஓடினார்கள். மேலே நர்ஸ் ரொம்ப நிதானமாக இருந்தார். "டாக்டர் வந்து கூப்பிட்டாங்க. ஆள் இல்ல. அடுத்த ஆபரேஷனுக்குப் போயிட்டாங்க."

எத்தனையோ பேர் வாசலில் அழைப்புமணியைக்கூட அழுத்தாமல் 'ஆள் இல்லை' என்று எழுதிவிட்டு வந்தவர் அவர். இன்றைக்குத்தான் அந்த வார்த்தையின் எடை தெரிந்தது.

"நீங்களாச்சும் சொல்லுங்க சிஸ்டர்."

"நான் சொல்லக்கூடாது."

"டாக்டர் முகம் எப்படி இருந்துச்சு?"

"மாஸ்க் போட்டிருந்தாங்க."

கெஞ்சிக் கூத்தாடிய பிறகு ஒருவரை மட்டும் உள்ளே விட்டார்கள். மனைவி வெளிறிப்போய்ப் படுத்திருந்தாள். ஒரு கண்ணைத் திறந்தாள்.

"எங்க போனீங்க? டாக்டரம்மா தேடினாங்களாம். எங்கிட்டயே சொல்லிட்டுப் போனாங்க."

"என்னம்மா சொன்னாங்க?"

"ரெண்டு எடுத்தாங்களாம்…"

"ம்."

"ஒண்ணுல…"

தூங்கிவிட்டாள். அவர் குனிந்து, "ஒண்ணுல?" என்றார். நர்ஸ் விரலை உதட்டில் வைத்து முறைத்தார். அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக யாருக்கும் எந்த யோசனையும் சொல்லாமல் நின்றார்.

வெகுநேரம் கழித்து அவள் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தாள். "…ஒண்ணுமில்லயாம்."

"இன்னொண்ணுல?"

"அதுலயும் இல்ல. நீலம் ரெண்டுல ஏறியிருந்துச்சாம், அதான் ரெண்டு. மிச்சத்தைத் தொடவே இல்ல. முழு ரிப்போர்ட் பின்னால வரும், இப்போதைக்கு சுத்தம்னாங்க."

"தூக்கத்துல உளறலையே?"

"உளறுறது உங்க வேலையாச்சே."

கம்பியில் நெற்றியை வைத்துக் கூரியர்காரர் அழுதார். சின்ன அழுகையாகத்தான் ஆரம்பித்தது. பிறகு விசும்பலும் உறிஞ்சலுமாக அறையே நிமிர்ந்து பார்க்கும்படி ஆயிற்று.

"ஏங்க, மானம் போகுது."

பக்கத்துக் கட்டிலில் மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் இருந்த அம்மாள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "நல்ல சேதிதானே?"

"ஆமாங்க."

"அப்ப விடும்மா, அழட்டும்."

"உங்களுக்குத் தெரியாதுங்க. இவரை ஆரம்பிக்க விட்டா நிறுத்த முடியாது" என்றாள் மனைவி. ஆனாலும் விட்டாள்.