சகின் எப்படிப்பட்ட ஆள்?

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு ஜோடி ஷூவிலிருந்து.

"அவன் கால் அளவு என்ன?" என்று என் கணவர் சகின் தலைநகர் பிஷ்கெக்கின் கடைத்தெருவிலிருந்து போனில் கேட்டார். மே மாதம், காலை ஒன்பது மணி. நான் ஜன்னல் வழியே முற்றத்தைப் பார்த்துக் கத்தினேன். குதிரைக்குச் சேணம் இறுக்கிக்கொண்டிருந்த எங்கள் மகன் திலெக் திரும்பாமலே பதில் கத்தினான்.

"நாப்பத்தி மூணு! கறுப்புதான் வேணும்னு சொல்லும்மா. போன தடவை மாதிரி வாத்தியார் ஷூ வாங்கிட்டு வந்துடப் போறாரு!"

"கேட்டுச்சு, கேட்டுச்சு," என்றார் சகின். "அந்த வாத்தியார் ஷூதான் இத்தனை வருஷமா அவனுக்கு ரொட்டி போட்டுச்சுன்னு சொல்லு."

நான் சொல்லவில்லை. அதற்குள் திலெக் வாசலைத் தாண்டிவிட்டான். ஆற்றுக்கு அக்கரையில் தங்கிவிட்ட சினைப்பசுவை ஓட்டி வரப் போனான். நாங்கள் மூவரும் சேர்ந்து பேசிய கடைசிப் பேச்சு இதுதான்.

2

தொடக்கங்களை வைத்துக்கொண்டு பதினோரு மாதம் போராடினேன். சிலவற்றை அப்படியே விட்டுவைக்கிறேன்.

"அறம் என்றால் என்ன என்று என் கணவர் பதினெட்டு ஆண்டுகள் கல்லூரியில் பாடம் நடத்தினார்." (இரங்கல் கூட்டத்தில் வாசிப்பதுபோல் இருக்கிறது.)

"பனி உருகும் மாதத்தில் நரின் ஆறு" (ஆற்றைப் பற்றி எழுத எனக்குக் கை வராது. இனியும் வராது.)

"நான் என் கணவரைக்"

இதை முடிக்கவும் முடியவில்லை, அடிக்கவும் மனமில்லை. இருக்கட்டும். இந்த வாக்கியத்தைச் சுற்றித்தான் மற்றதையெல்லாம் எழுதுகிறேன்.

3

சகின் மாணவர்களுக்காக ஒரு சிறு நூல் எழுதினார். யாரை நல்லவன் என்பது என்ற கேள்விக்கு உலகத்தார் சொன்ன விடைகள். கையெழுத்து அவருடையது, தட்டச்சு என்னுடையது. கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவள் நான். எனக்குத் தெரிந்த தத்துவமெல்லாம் விரல் வழியாக ஏறியதுதான்.

கிரேக்கர்கள் சொன்னார்களாம்: கோழைத்தனத்துக்கும் முரட்டுத் துணிச்சலுக்கும் நடுவே எங்கோ வீரம் இருக்கிறது. எல்லா நற்குணமும் அப்படி ஒரு நடுவிடம்தான், பழகப் பழகத்தான் பிடிபடும். அவர்களுக்குப் பின் வந்த இன்னொரு கூட்டத்தார், நடப்பது உன் கையில் இல்லை, நீ நடந்துகொள்வதுதான் உன் கையில் என்றார்கள். மகன் இறந்த செய்தி வந்தாலும் நல்லவன் நிலைகுலையமாட்டானாம். (பக்கம் 31. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் அதைத் தட்டச்சு செய்திருக்கிறேன்.) சீனத்து ஆசான், முதலில் நல்ல மகனாக, நல்ல தம்பியாக இரு, சடங்கைச் சரியாகச் செய், மனம் பின்னாலேயே வந்துவிடும் என்றார். பௌத்தர்களோ, சொல் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, அதனால் நன்மை விளைய வேண்டும், அதையும் நேரம் அறிந்து சொல்ல வேண்டும் என்றார்கள். ஜெர்மானியர் ஒருவர் மட்டும், கொலைகாரன் வாசலில் நின்று கேட்டாலும் பொய் சொல்லாதே என்றார்.

சகின் அந்த ஜெர்மானியரின் கட்சி.

என் மூத்தாருக்கு, அதாவது சகினின் அண்ணனுக்கு, இதைக் கேட்டால் சிரிப்பு வரும்.*

"டேய், உன் ஜெர்மன்காரனுக்குப் பொண்டாட்டி உண்டா?"

"இல்லண்ணே. கல்யாணமே பண்ணிக்கல."

"அப்படிச் சொல்லு. பொய் சொல்ல அவசியமே வரல அந்த மனுஷனுக்கு!"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தேநீர்க் கிண்ணத்தை நீட்டுவார். நான் வழக்கப்படி பாதி ஊற்றுவேன். நிரப்பிக் கொடுத்தால் கிளம்பு என்று அர்த்தம்.

(* மூத்தாரின் பெயரை எழுதமாட்டேன். கணவனுக்கு மூத்தவர்களின் பெயரை எங்கள் வீட்டு மருமகள்கள் சொல்வதில்லை. இருபத்தைந்து வருடமாகச் சொன்னதில்லை. எல்லாவற்றையும் எழுதிவிடுவது என்று உட்கார்ந்தவள் இதை மட்டும் ஏன் மறைக்கிறாய் என்று கேட்பீர்கள். எனக்கும் தெரியவில்லை.)

4

சகின் ஏன் அந்தக் கட்சி என்பதற்கு ஒரு காரணம் உண்டு. மாதுளம்பழம்.

எங்கள் பக்கம் மரணச் செய்தியை நேரடியாகச் சொல்வதில்லை. தூரத்தில் இருப்பவரிடம் "உடம்பு கொஞ்சம் சரியில்லை, வந்துட்டுப் போ" என்பார்கள். வந்து இறங்கியதும் பெரியவர்கள் இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொண்டு, சுற்றி வளைத்துப் பேசி, மெல்ல உடைப்பார்கள். ஏழு வருடத்துக்கு முன் சகினின் தாய் இறந்தபோது அவர் ஓஷ் நகரில் இருந்தார். அவரிடமும் அப்படித்தான் சொன்னார்கள். பதினோரு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தார். வழியில் நிறுத்தி, நோயாளிக்கு நல்லது என்று மாதுளம்பழம் வாங்கியிருந்தார். பையோடு இறங்கியவர் முற்றத்தில் யுர்த்து, சாவு விழுந்த வீட்டில் போடும் கம்பளிக் கூடாரம், எழுப்பியிருப்பதைப் பார்த்தார்.

நாற்பதாம் நாள் கழிந்ததும் என்னிடம் சொன்னார்:

"பதினோரு மணி நேரம் பூர்மா. ரேடியோ கேட்டுக்கிட்டு வந்தேன். பாட்டுக்குத் தலையாட்டிக்கிட்டு வந்தேன். எங்கம்மா செத்துக் கிடக்கறா. ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. என் துக்கத்தைத் திருடிட்டாங்க."

"நல்லதுக்குத்தானே செஞ்சாங்க."

"நீ எனக்கு அந்த நல்லதைச் செய்யாதே. எது நடந்தாலும் முதல்ல நீயே சொல்லணும், நேரா சொல்லணும். சத்தியம் பண்ணு."

ரொட்டியைத் தொட்டுச் சத்தியம் செய்தேன்.

5

(இந்தப் பகுதியைக் கடைசியாகத்தான் எழுதினேன். மற்றவை அதுவரை காத்திருந்தன.)

திலெக்கை நண்பகலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆற்றுத் துறையில் குதிரைக்குக் கால் நிலைக்கவில்லையாம். குதிரை கரையேறிவிட்டது.

ஆண்கள் முற்றத்தில் கூடினார்கள். மூத்தார் வேலியைப் பிடித்தபடி, யார் முகத்தையும் பார்க்காமல் பேசினார். "சகின் இன்னைக்குச் சாயங்காலம் வந்துருவான். ஊர் எல்லையில நாங்க மூணு பேர் குதிரையோட நிப்போம். வண்டியிலேர்ந்து இறக்கி, கையைப் பிடிச்சுக்கிட்டு நான் சொல்றேன். அதுவரைக்கும் ஒருத்தரும் போனைத் தொடக்கூடாது. வழியில இருக்கறவன்கிட்ட சாவைச் சொல்லக்கூடாது."

நான் வைக்கோல் கொட்டகைக்குப் போனேன். இரண்டு ஐம்பத்திரண்டு.

"பூர்மா, தோலோன் கணவாய் ஏறிக்கிட்டிருக்கேன். ஒரே மழை. சீக்கிரம் சொல்லு. கறுப்புதான் வாங்கியிருக்கேன்."

"வண்டியை நிறுத்துங்க."

"ஏன்?"

"நிறுத்துங்க."

"சரி, நிறுத்திட்டேன்."

கண்ணாடி துடைப்பான் போய் வரும் சத்தம் கேட்டது. நான் சொன்னேன். ஆறு, குதிரை, திலெக். மூன்று சொற்களுக்கு மேல் இருக்காது. துடைப்பான் போய் வந்தது, போய் வந்தது.

"நீ சொன்னது நல்லது," என்றார். வகுப்பில் பேசுகிற குரல். பிறகு, "நான் வர்ற வரைக்கும் அவனை எடுக்க விடாதே."

விபத்து நேரம் என்று போலீஸ்காரர் எழுதியது மூன்று இருபது. கணவாயைத் தாண்டி இறக்கத்தில், இரண்டாவது வளைவு. ஈரச்சாலை என்று எழுதினார்.

நான் பேசி முடித்தது இரண்டு ஐம்பத்தாறுக்கு. நடுவில் இருபத்து நான்கு நிமிடம். பதினோரு மணி நேரம் ஒன்றும் தெரியாமல் பாட்டுக் கேட்டு வந்தவர், இந்த முறை எல்லாம் தெரிந்து இருபத்து நான்கு நிமிடம் வந்தார்.

இந்தக் கதையில் எனக்கு இரண்டு பாத்திரங்கள் மீது சந்தேகம்.

முதலாவது சகின். நிறுத்திவிட்டேன் என்றாரே, நிறுத்தினாரா? எஞ்சின் சத்தம் மாறினதாக நினைவில்லை. வாழ்நாளில் ஒரு பொய்கூடச் சொல்லாதவர் கடைசியில் எனக்கு ஒன்றைச் சொன்னாரா, நான் பயப்படக்கூடாது என்று? நின்ற வண்டியிலும் துடைப்பான் ஓடும். அந்தச் சத்தத்தை எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் விடை கிடைக்கவில்லை.

இரண்டாவது நான். சத்தியத்துக்காகத்தான் சொன்னேன் என்று இதுவரை உங்களிடம் எழுதி வந்தேன். எங்கள் மார்க்கத்தில் செயலை எண்ணத்தால் எடைபோடுவார்கள். அந்தக் கொட்டகையில் என் எண்ணம் என்ன? வாக்கைக் காப்பதா? அல்லது என்னால் தனியாகத் தூக்க முடியாததை இன்னொருவர் தோளில் ஏற்றுவதா? ஒரு மணி நேரம் பொறுத்திருக்கலாமா? மூன்று மணி நேரம்? நேரம் அறிந்து சொல் என்று பக்கம் 44இல் நானே தட்டச்சு செய்திருக்கிறேன். ஓரத்தில் சகினின் கையெழுத்து: "இதை இன்னும் யோசிக்கணும்."

6

இரண்டு பேரையும் மூன்றாம் நாள் அடக்கம் செய்தார்கள். பெண்கள் யுர்த்துக்குள் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தோம். வெளியே நடப்பதைக் கம்பளிச் சுவர் வழியாகத்தான் கேட்க வேண்டும்.

உடலை எடுக்குமுன் கூட்டத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பது வழக்கம். மூத்தார்தான் கேட்டார்.

"மக்களே, சகின் எப்படிப்பட்ட ஆள்?"

"நல்ல ஆள்!" நூற்றுக்கணக்கான குரல்கள்.

"திலெக் எப்படிப்பட்ட ஆள்?"

"நல்ல ஆள்!"

சகினுக்கு இந்தக் கேள்வி பதில்மேல் தீராத சண்டை. மனைவியை அடித்தவனுக்கும் இதே பதில்தானே என்பார். இது பொய்யா, வேண்டுதலா என்று ஒரு அத்தியாயமே எழுத நினைத்திருந்தார். தலைப்பு மட்டும் எழுதினார்: "நம்முடைய விடை". கீழே வெறும் தாள்.

அன்று மாலை மூத்தார் யுர்த்து வாசலில் நின்று, என் முதுகைப் பார்த்துச் சொன்னார்: "ஒண்ணு மட்டும் நிம்மதிம்மா. பையன் போனது தெரியாமலேயே போய்ட்டான் என் தம்பி. ஆண்டவன் அவனுக்கு அந்த மட்டும் கருணை காட்டினான்."

பெண்கள் ஆமாம் ஆமாம் என்று அழுதார்கள். நான் திரும்பவில்லை, மறுக்கவும் இல்லை. உண்மை சொல்லிக் கணவனை இழந்தவள் அந்த நிமிடத்திலிருந்து பொய்யில் குடியேறினேன்.

7

வியாழக்கிழமைதோறும் எண்ணெய் காய்ச்சி மாவு பொரிக்கிறேன். அந்த வாசனை இறந்தவர்களைப் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. மூத்தார் வருவார், இறந்தவர்களுக்காகத் துஆ ஓதுவார், நாலு துண்டு சாப்பிடுவார். "தெரியாமலேயே போய்ட்டான்" என்பார். ஒரு வாரம் தவறியதில்லை.

காரில் இருந்ததை எல்லாம் போலீஸிடமிருந்து வாங்கி வந்தவர் அவர்தான். மூக்குக்கண்ணாடி, ஷூ டப்பா, பழைய பொத்தான் போன். "போன் ஒடஞ்சு போச்சும்மா, எடுத்துப் போட்டுடு," என்றார். போடவில்லை. சென்ற மாதம் சும்மா மின்சாரத்தில் செருகினேன். விழித்துக்கொண்டது.

அழைப்புப் பட்டியலைப் பார்த்தேன். காலை ஒன்பது மணி: பூர்மா. பத்தரை: அச்சகம். அதோடு சரி. இரண்டு ஐம்பத்திரண்டு இல்லை. என் போனில் இருக்கிறது, அவர் போனில் இல்லை. யாரோ அந்த ஒன்றை மட்டும் அழித்திருக்கிறார்கள்.

மூத்தார் வைத்திருப்பதும் அதே பொத்தான் போன்தான்.

வாசகரே, முடிவுகள் இவை. எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் வருகிறார். நான் சொல்லிவிடுகிறேன். அவர் முகத்தைக் கைகளால் மூடி

(இல்லை. இதை எத்தனை முறை எழுதினாலும் அவர் முகத்தை எழுத முடியவில்லை. அவருக்குத் தெரியாதென்றால், அவருக்கு இருக்கிற ஒரே ஆறுதலை நான் பறிக்கிறேன்.)

அவர் வருகிறார். நான் சொல்வதில்லை. இருவரும் கிழவர்களாகிறோம். ஒரு நாள் என்னைத் தூக்குமுன் யாரோ கேட்கிறார்கள், பூர்மா எப்படிப்பட்ட ஆள்? கூட்டம் பதில் சொல்கிறது.

அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். ஊர் என்னைப் பழிக்கக்கூடாது என்று அழித்திருக்கிறார். வாரா வாரம் வந்து சொல்வது எனக்காகச் சொல்லும் பொய். அப்படியானால் சகினின் புத்தகத்தில் இல்லாத நல்லவர் அவர்தான். ஆனால் அந்த நல்லதனத்தால் எனக்கு என்ன ஆயிற்று பாருங்கள். என்னை மன்னிக்க ஒருவரும் இல்லை, திட்டவும் ஒருவரும் இல்லை. "ஏன்டி சொன்னே?" என்று ஒரு குரல் கேட்டால் போதும் என்றிருக்கிறது. கேட்க வேண்டிய ஒரே மனிதர் நாலு துண்டு சாப்பிட்டு, கிண்ணத்தை நீட்டுகிறார்.

இன்று வியாழக்கிழமை. எண்ணெய் காய்ந்துவிட்டது. வேலிக் கதவருகே அவருடைய இருமல் கேட்கிறது. முடிவை நான் எழுதப்போவதில்லை. என்னைவிட உங்களுக்கு அறம் தெரிந்திருக்கலாம். அவரை உள்ளே கூப்பிடுங்கள், ஏதாவது சொல்லுங்கள், அல்லது பாதிக் கிண்ணம் தேநீர் ஊற்றுங்கள்.

இறந்தவர்களின் துணிமணியை உறவினருக்குப் பங்கிட்டுக் கொடுத்தாயிற்று. கறுப்பு ஷூ மட்டும் டப்பாவிலேயே இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் நாற்பத்து மூன்றாம் அளவுக் கால் வேறு யாருக்கும் இல்லை.