மூன்றில் நிற்கும் முள்

திங்கட்கிழமை காலை குளியலறைப் பக்கமிருந்து நீலா போட்ட சத்தத்தில் காபியைப் பேப்பர் மேல் கொட்டிக்கொண்டேன். "ஏங்க! மூணு கிலோ குறைஞ்சிருக்கேங்க! சத்தியமா, வந்து பாருங்க!" போய்ப் பார்த்தேன். எடை மெஷின் மேல் ஏறி, மூச்சை அடக்கிக்கொண்டு, இறங்கினால் எண் மாறிவிடுமோ என்பதுபோல் அசையாமல் நின்றிருந்தாள். முள் அறுபத்தெட்டில் இருந்தது. "அறுபத்தெட்டு. மூணு கழிச்சா அறுபத்தஞ்சு" என்றாள். கழிக்க வேண்டியதில்லை, அறுபத்தெட்டுதான் அவள் எடை, போன வாரமும் அதுதான். அன்று மதியம் அவள் செய்த கேசரியை, முந்திரி எனக்கு அதிகம் வைத்திருந்ததை, குனிந்த தலை நிமிராமல் தின்று முடித்தேன்.

இந்த மூன்றை விளக்கிவிடுகிறேன். எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் பத்து நிமிஷம் கூட ஓடும். எல்லோர் வீட்டிலும் அப்படித்தான், ஏமாறுகிறோம் என்று தெரிந்தே ஏமாறுவதற்காக. நாலு வருஷத்துக்கு முன்னால் டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னபோது நீலா அதே யோசனையை எடை மெஷினிலும் செய்தாள். பக்கவாட்டில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருகி மூன்று கிலோ கூடக் காட்டும்படி வைத்தாள். "கூடக் காட்டினாத்தான் பயம் இருக்கும்" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் யார் ஏறினாலும் மூன்று கழித்துக்கொள்வோம். மெஷின் காலியாக இருக்கும்போது முள் மூன்றில் நிற்கும். எங்கள் கண்ணுக்கு அதுதான் பூஜ்யம்.

அந்தச் சக்கரத்தை முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, யாரும் பார்க்காதபோது, கட்டைவிரலால் பூஜ்யத்துக்குத் திருப்பியவன் நான். ஏன் திருப்பினேன் என்று சொல்லாமல் நீலாவிடம் அதைச் சொல்ல முடியாது.

குஷாய்குடா ஃபேக்டரியில் முப்பத்தொரு வருஷம் கேலிப்ரேஷன் செக்‌ஷனில் இருந்தேன். மீட்டர்கள், கேஜ்கள், தராசுகள் எல்லாம் என் மேஜைக்கு வரும். எவ்வளவு பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்து, சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், இல்லையென்றால் சிவப்பு. சிவப்பு ஒட்டியதை ஜெனரல் மேனேஜரே சொன்னாலும் யாரும் தொடமாட்டார்கள். ரிடையர் ஆனபோது காலாவதியான ஸ்டிக்கர் சுருள்கள் இரண்டு என்னோடு வீட்டுக்கு வந்தன. அதன் பிறகு ஏவியேஷன் கிளப்பில் சேர்ந்தேன். கிளப் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். அல்வால் பக்கத்து ரிடையர்டு விமானப்படைக்காரர்கள் சிலர், என்னைப் போன்ற ஃபேக்டரி ஆட்கள், ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு வானத்தைப் பார்த்து ஏங்கும் நாலைந்து இளைஞர்கள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் குஷாய்குடா பள்ளி ஹாலில் ஏழாவது முதல் பத்தாவது வரை பிள்ளைகளுக்கு வகுப்பு. பால்சா என்ற லேசான மரத்தில் கிளைடர், அதாவது இன்ஜின் இல்லாத சின்ன விமானம், செய்வார்கள். பறக்கவிடுமுன் நான் பரிசோதித்து ஸ்டிக்கர் ஒட்டுவேன். சிவப்பு வாங்கினால் சிலதுகள் அழும்.

ஹம்ஸினி ஒரு தடவைகூடச் சிவப்பு வாங்கியதில்லை. மௌலா அலி ஸ்டாஃப் காலனிப் பெண், ஒன்பதாம் வகுப்பு, பள்ளி கபடி டீமில் இருக்கிறாள், நல்ல ஓங்குதாங்கான உடம்பு. நான் தமிழில் கேட்பேன், அவள் தெலுங்கிலோ இந்தியிலோ இங்கிலீஷிலோ பதில் சொல்வாள், அம்மா பேசும் தமிழ் புரியும், வாயில் மட்டும் வராது. இறக்கையின் எடையை ஏன் இருபக்கமும் சமமாக வைக்க வேண்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் செய்து காட்டிவிடுவாள். வருஷத்துக்கு இரண்டு தடவை, பன்னிரண்டு பிள்ளைகளை ஷாமீர்பேட்டைத் தாண்டி ஒரு தனியார் ஓடுதளத்துக்கு அழைத்துப் போய் இரண்டு இருக்கை விமானத்தில் ஆளுக்கு ஏழு நிமிஷம் சுற்றிக் காட்டுவோம். இந்தத் தடவை பட்டியலில் முதல் பெயர் ஹம்ஸினி. யாராவது வராவிட்டால் ஏற்றிக்கொள்ள வைத்திருந்த இரண்டு பெயரில் முதல் பெயர் ஸ்ரேயா. என் மகள் வயிற்றுப் பேத்தி, அவளும் இந்த வகுப்புக்கு வருகிறவள். பட்டியலை எழுதியது நான்தான்.

பைலட் கேப்டன் தேவராஜ் தொண்ணூற்றிரண்டு கிலோ. அவர் கனத்துக்கும் அன்றைய வெயிலுக்கும் கணக்குப் போட்டால் பக்கத்து இருக்கையில் ஐம்பத்தைந்துக்கு மேல் ஏற்றக்கூடாது. சனிக்கிழமை அவர் போன் செய்து, கிளப் வெயிங் மெஷினைக் காணோம் என்றார். "அதுக்கென்ன சார், நான் கொண்டு வரேன்" என்றேன். ஞாயிறு காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது, பிள்ளைகள் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று மெஷின் மேல் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன். சோதிக்காமல் ஒட்டினேன். முப்பத்தொரு வருஷத்தில் செய்யாத வேலை.

எங்கள் செக்‌ஷனில் ஒருத்தர் முள்ளைப் பார்த்து அளவைச் சத்தமாகச் சொல்வார், இன்னொருத்தர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதுவார். தப்பு வராமல் இருக்க. அன்றும் அப்படியே செய்தேன். நான் சொல்ல, யூசுப் என்ற ஐ.டி. பையன் திருப்பிச் சொல்லி எழுதினான். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகப் போய், எல்லோரும் சேர்ந்து திருப்பிச் சொல்ல ஆரம்பித்தார்கள். நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு, நாற்பத்தாறு. ஹம்ஸினி ஷூவைக் கழற்றிவிட்டு ஏறினாள். "ஐம்பத்தேழு" என்றேன். "ஃபிஃப்டி செவன்!" என்று கூட்டம் கத்தியது. கத்திய பிறகுதான் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் உறைத்தது. பின்னாலிருந்து ஒரு குரல், "கார்கோ!" என்றது, சரக்கு மூட்டை என்று. சிரித்தார்கள். நானும் லேசாகச் சிரித்தேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் ஷூவை மாட்டிக்கொண்டு, லேஸைக்கூடக் கட்டாமல், வந்த வேனில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆறு பேர் பறந்து முடிந்ததும் கேப்டன் டீ குடிக்க இறங்கினார். கோப்பையோடு சும்மா மெஷின் மேல் ஏறி நின்றார். தொண்ணூற்றைந்து. "என்ன சார், போன வாரம் மெடிக்கல்ல தொண்ணூத்திரெண்டுதானே இருந்தேன்? உங்க மெஷினுக்கு என்மேல என்ன கோபம்?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் காலி மெஷினைப் பார்த்தேன். முள் மூன்றில் நின்றது. அப்போதுதான் அது மூன்றாகத் தெரிந்தது, வீட்டில் கழிக்கும் மூன்றை இங்கே கழிக்காததும் உறைத்தது. ஐம்பத்தேழில் மூன்று போனால் ஐம்பத்து நாலு. வேன் ஐம்பதடி தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்றது, ஜன்னலில் அவள் பின்னந்தலை தெரிந்தது. இந்தப் பக்கம் ஹம்ஸினிக்குப் பதில், ஏழாவது ஆளாக ஸ்ரேயா, தன் தலையைவிடப் பெரிய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பெல்ட் போட்டு உட்கார்ந்து, "தாத்தா!" என்று கையாட்டினாள். நான் பதிலுக்குக் கையாட்டினேன். பிறகு குனிந்து, ஏதோ தூசி தட்டுவதுபோல், சக்கரத்தைத் திருப்பி வைத்தேன்.

கேலிப்ரேஷன்காரன் பிழையான மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தான் என்று நாலு பேர் சொல்வார்களே என்ற வெட்கமா, பேத்தி ஆசையா, எது என் வாயைக் கட்டியது என்று இன்று வரை தெரியவில்லை. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். வீடு திரும்பும் வழியெல்லாம் ஸ்ரேயா ஏரி எப்படித் தெரிந்தது, மாடுகள் எப்படித் தெரிந்தன என்று சொல்லிக்கொண்டே வந்தாள், எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

அடுத்த ஞாயிறு ஹம்ஸினி வரமாட்டாள் என்று நினைத்தேன், ஏன், வராமலிருக்க வேண்டும் என்றே விரும்பினேன். வந்தாள். இடைவேளையில் சமோசா கொடுத்தபோது வேண்டாம் என்றாள். அதற்கடுத்த வாரமும் வேண்டாம். மூன்றாவது வாரம் என்னிடம் தனியாக வந்து, "அங்கிள், மெடிக்கல் ஷாப் மெஷின்ல சூசானு. ஃபிஃப்டி ஒன்!" என்று, பார்த்த எடையைத் தெலுங்கில் சொன்னாள். ஆறு கிலோ குறைத்துவிட்டதாக அவள் கணக்கு. அதில் மூன்று என் கணக்கு. "அம்பத்தஞ்சு போதுமேம்மா, அதுக்கு மேல எதுக்கு?" என்று கேட்டேன். "சேஃப் சைடு, அங்கிள்" என்றாள். அது நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த வார்த்தை. எந்தக் கணக்கிலும் சேஃப் சைடு கொஞ்சம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிக் கீழே கோடு வேறு போட்டிருந்தேன்.

ஆறாவது வாரம் அவள் அம்மா அக்ஷதா போன் செய்தார். "சார், ஹம்ஸினி அம்மா பேசறேன். கபடியில மயக்கம் போட்டு விழுந்துட்டா சார். ராத்திரி ஒரு வெள்ளரிக்கா, அவ்வளவுதான் சாப்பாடு. கைக்குடி, எதுக்குடின்னு கேட்டா ஜனவரில ஃப்ளைட்டுங்கறா. இப்போ நாப்பத்தெட்டு. அவங்கப்பா சொல்லிப் பாத்தாச்சு, நான் அழுது பாத்தாச்சு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார். உங்க பேச்சுன்னா அவளுக்கு வேதவாக்கு." சரிம்மா, சொல்கிறேன்மா என்று வைத்துவிட்டேன். மயக்கம் போட்டு விழுந்த இடம் மண் தரையா சிமெண்டா என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை.

அன்று நீலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவளுக்குப் புரிந்தது தன் மூன்று கிலோ போனதுதான். "அப்போ நான் குறையவே இல்லியா? எதிர்வீட்டு வசந்தகுமாரி வரைக்கும் சொல்லி வச்சிருக்கேனே!" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "எனக்குக் கேசரி போச்சு, தொலையட்டும். அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா?"

"அடுத்த ஃப்ளைட்ல முதல் ஆளா ஏத்திட்டா சரியாயிடும்னு..."

"நக்கோ, அதெல்லாம் வேணாம். கூட்டத்துல கத்தினீங்கல்ல? கூட்டத்துலதான் சொல்லணும்." எழுந்து போய் மெஷினின் சக்கரத்தைப் பழையபடி மூன்றுக்குத் திருகி, ஒரு பழைய துண்டில் சுற்றி, வாசலில் என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அந்த ஞாயிறு ஸ்ரேயாவுக்கு ஏதோ டான்ஸ் நிகழ்ச்சி, வரவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது. கிளைடர் பரிசோதனை நாள். பிள்ளைகள் தங்கள் கிளைடர்களோடு வரிசையாக நின்றார்கள், மேஜையில் இரண்டு ஸ்டிக்கர் சுருள்களும் இருந்தன. ஹம்ஸினியின் யூனிஃபார்ம் சட்டைக் கழுத்து தொளதொளவென்று இருந்தது, கன்னம் வற்றியிருந்தது. நான் மெஷினைத் துண்டிலிருந்து பிரித்துத் தரையில் வைத்தேன். பச்சை ஸ்டிக்கர் இன்னும் அதன் நெற்றியில் இருந்தது.

என்ன சொல்ல வேண்டும் என்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்திருந்தேன். வாயைத் திறந்ததும் பாடம் வந்தது. "ஜீரோ எரர்னா என்ன? யாருமே நிக்காதப்போ ஒரு மெஷின் எதைக் காட்டணும்? இது எதைக் காட்டுது, பாருங்க" என்றேன். "த்ரீ!" என்றார்கள். "அப்போ இதுல ஏறினவங்க எல்லாரோட அளவும் தப்பு. மூணு மூணு கிலோ கூடக் காட்டியிருக்கு. அன்னிக்கு ஏர்ஸ்டிரிப்ல நாம எடை பாத்தது இந்த மெஷின்லதான். மெஷினை நம்பறதுக்கு முன்னாடி ஜீரோ பாக்கணும்." குற்றத்தை மெஷின் தலையில் கட்டிவிட்டு, எவ்வளவு அழகாகப் பாடம் நடத்துகிறேன் என்று எனக்கே அருவருப்பாக இருந்தது. சில பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஹம்ஸினி எழுதவில்லை. அவள் விரல்கள் தொடையில் கணக்குப் போட்டன. ஐம்பத்தேழு, மூன்று. கணக்கு முடிந்ததும் விரல்கள் நின்றன.

வரிசையை விட்டு முன்னால் வந்தாள். காலி மெஷினையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, தமிழில் கேட்டாள். ஒரு வருஷத்தில் என்னிடம் அவள் பேசிய முதல் தமிழ் அது.

"உங்களுக்குத் தெரியுமா, அங்கிள்? அன்னிக்கே?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பிள்ளைகள் நம்புவார்கள், அவளும் நம்புவாள்.

"தெரியும்" என்றேன்.

"எப்போ?"

"கேப்டன் டீ குடிக்க இறங்கினப்போ. ஸ்ரேயா ஹெல்மெட் மாட்டிக்கிட்டு இருந்தா. நீ வேன்ல இருந்தே. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடலை. மெஷின் மேல தப்பில்லம்மா, என் மேலதான்."

யாரும் சிரிக்கவில்லை. பின்னால் இருந்த ஒரு பெண் தன் கிளைடரை மெதுவாகத் தரையில் வைத்தாள். ஹம்ஸினி அழுவாள் என்று எதிர்பார்த்தேன், வெளியே போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மேஜைக்குப் போய்ச் சிவப்புச் சுருளை எடுத்தாள். ஒன்றைப் பிரித்து, குனிந்து, மெஷினின் பச்சை ஸ்டிக்கர் மேலேயே அது கொஞ்சமும் வெளியே தெரியாதபடி ஒட்டி, ஓரங்களைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். நான் கற்றுக்கொடுத்தபடியே.

பிறகு நிமிர்ந்து இன்னொன்றைப் பிரித்தாள். அதைச் சுட்டுவிரல் நுனியில் வைத்துக்கொண்டு, என் சட்டைப் பையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். ஃபேன் காற்றில் அந்தச் சின்னச் சிவப்புத் துண்டு படபடத்துக்கொண்டிருந்தது.