இருபத்தேழு பாட்டு

காருக்குப் பாட்டு செட் பொருத்தும் கடைக்காரர் மூன்றாவது தடவையும் கிருஷ்ணராஜின் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். கேள்வி கேட்டவள் நிஷாந்தினி. "இந்த செட்டுல வேவ் ஃபைல் பாடுமா?" என்று அவள் கேட்க, "சேர், இது பத்து இஞ்ச் ஸ்க்ரீன். பின்னால கேமராவும் போட்டுக்கலாம்" என்று அவள் கணவனிடம் அவர் சொன்னார். அந்தத் திரையைத் தானே செய்து கொடுத்தவன் மாதிரி கிருஷ்ணராஜ் தலையாட்டினான்.

கார் அவளுடையது. நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற அவள்தான் பதுளையிலிருந்து தினமும் அதை வளைவு வளைவாக ஏற்றி இறக்குகிறவள். கந்தோரில் கிளார்க்காக இருக்கும் கிருஷ்ணராஜ் லைசன்ஸுக்கான ட்ரயலில் இரண்டு தடவை தோற்றுப்போய், பிறகு அந்தப் பேச்சையே விட்டுவிட்டான். ஆனாலும் சீட் கவரின் நிறம், கண்ணாடியில் ஒட்டும் சாமி படம், எந்த கராஜில் சர்விஸ் என்பதெல்லாம் அவன் முடிவு. இந்த ஒன்றையாவது, பாட்டு கேட்கும் செட்டையாவது, தானே தேர்ந்தெடுப்பது என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். எந்த செட் எந்த வகை ஃபைலைப் பாடும், எவ்வளவு பெரிய பென் ட்ரைவைத் தாங்கும் என்று ஒரு மாதம் தேடிக் கொப்பியில் எழுதி வைத்திருந்தாள்.

காரணம் அவள் தம்பி சசிதரன். தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்துகொண்டே தானே பாட்டெழுதி, தானே மெட்டுப்போட்டு, பதுளையில் ஒரு சிநேகிதனின் அறையில் இரண்டு வருடமாகப் பதிந்தவன். கொழுந்து நிறுவையில் கிலோ வெட்டுகிறதைப் பற்றி ஒன்று, பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பிப் பார்க்காமல் போன ஒருத்தியைப் பற்றி ஒன்று, இப்படி இருபத்தேழு. "சின்ன ஃபைலா மாத்தாதக்கா, பாடுறப்ப இழுக்குற மூச்சு செத்துரும்" என்று சொல்லி அப்படியே பென் ட்ரைவில் ஏற்றிக் கொடுத்தான். போன வருடம் மாசியில் மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் அவன் இல்லை. பாட்டுகள் இருந்த அவனுடைய பழைய கம்ப்யூட்டரும் பிறகு உயிர் விட்டது. இன்னொரு பிரதி எடுக்க வேண்டும் என்று அவள் ஒவ்வொரு லீவுக்கும் நினைத்தாள், எடுக்கவில்லை.

வீட்டில் அதைப் போட முடியாது. "செத்தவன் கொரல வீட்டுக்குள்ள போடாத" என்பான் கிருஷ்ணராஜ். பிறகு, அவள் அழுதால் அவனுக்குச் சோறு இறங்காது. அதனால்தான் கார். போகும்போது ஒரு மணித்தியாலம், வரும்போது ஒரு மணித்தியாலம், கதவைச் சாத்திக்கொண்டால் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

கடைசியில் அவள் சொன்ன சின்ன செட்டையே பூட்டுவதென்று ஆயிற்று. கிருஷ்ணராஜ் உர்ரென்று இருந்தான். செட்டைக் காரில் பொருத்தியதும் பாடுகிறதா பார்க்கலாம் என்று பென் ட்ரைவை எடுத்துக் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்து அதிபரிடமிருந்து கோல் வந்தது. கடைக்குள் சிக்னல் இல்லை. பண்டாரவளைச் சனிக்கிழமைச் சந்தை இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, பரீட்சைப் புள்ளிகளைப் பற்றி நெடுநேரம் பேசிவிட்டுத் திரும்பினாள்.

காருக்குள் சினிமாப் பாட்டு அதிர்ந்துகொண்டிருந்தது.

"பென் ட்ரைவ வாசிக்கல்ல. உள்ளதெல்லாம் அழிச்சு ஃபோமட் பண்ணினாதான் இந்த செட்டு எடுக்கும்" என்றார் கடைக்காரர், இப்போதும் அவனைப் பார்த்து. "சேர்ட்ட கேட்டுத்தான் பண்ணினேன். சும்மா குடுக்கக் கூடாதுன்னு ரெண்டாயிரம் பாட்டு ஏத்திட்டேன். ஃப்ரீதான்."

தம்பியின் இருபத்தேழு பாட்டும் போய்விட்டது என்று நிஷாந்தினிக்குப் புரிந்தது. அவள் கணவனைப் பார்த்தாள்.

"நான் வெளியிலதானே நின்னேன். ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"நீ ஃபோன்ல இருந்த."

"அதுல என்ன இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியும்."

அவன் செட்டின் பெட்டியை மூடி, மறுபடி திறந்து, மறுபடி மூடினான். "ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு நிஷா. போதும்" என்றான்.

அவசரத்தில் தலையாட்டிவிட்டான், தெரியாமல் செய்துவிட்டான் என்று அவனுக்காக அவளே மனதுக்குள் ஒரு சாக்கைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்த 'போதும்' என்ற சொல்லோடு தேடல் முடிந்தது. ஏழு வருடம் இப்படித்தான் அவனுக்காகச் சாக்குத் தேடியிருக்கிறாள் என்பதும் அந்த இடத்திலேயே விளங்கியது.

"செட்டக் கழட்டுங்க" என்றாள்.

கடைக்காரர் கிருஷ்ணராஜைப் பார்த்தார்.

"கார் என்னோடது. என்னையப் பாருங்க. கழட்டுங்க."

"கடையில வச்சு அசிங்கப்படுத்தாத" என்றான் கிருஷ்ணராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு. அவள் காரை விட்டு நகராமல், கழற்றி முடியும்வரை நின்றாள். பென் ட்ரைவைப் பிடுங்கி எடுத்தாள். அவன் மறுபக்கக் கதவைத் திறக்க வருவதற்குள் காரைக் கிளப்பினாள். ஹாலிஎல தாண்டும்வரை ஃபோன் அடித்துக்கொண்டேயிருந்தது. தெமோதரை வளைவுகளில் அவள் அழுதாள், ஆனால் வேகத்தைக் குறைக்கவில்லை.

பதுளையில் கம்ப்யூட்டர் திருத்துகிற மபாஸ், அவளுடைய பாடசாலைக்கும் வந்து போகிறவர். அவள் நடந்ததைச் சொல்ல, பென் ட்ரைவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அழிஞ்சதுக்குப் பொறகு ஒண்ணும் ஏத்தலியே டீச்சர்?"

"ரெண்டாயிரம் பாட்டு ஏத்தியிருக்காங்க."

மபாஸ் அதைக் கம்ப்யூட்டரில் செருகினார். "பாப்பம். பேரெல்லாம் போயிருக்கும், நம்பர்தான் வரும். முழுசா வருமெண்டு மட்டும் சொல்லேலா."

அவள் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தாள். வெளியே மழை பிடித்தது. மூன்று மணிபோலத் திரையில் எண்கள் வரத் தொடங்கின. பதினொன்று வந்தது, அதற்குமேல் வரவில்லை. முதல் ஐந்தும் திறக்கவே இல்லை. ஆறாவதை மபாஸ் அழுத்தியபோது சசிதரன் பாடினான். கிலோ வெட்டுகிற பாட்டு. இரண்டு வரி தெளிவாக வந்தது. மூன்றாவது வரியின் நடுவில் தகரத்தில் சரளை கொட்டியது போல ஒரு கொடூரமான இரைச்சல் எழுந்தது.

"அந்த எடத்துலதான் சினிமாப் பாட்டு ஏறியிருக்கு" என்று மபாஸ் மெதுவாகச் சொன்னார். "நிப்பாட்டவா?"

"வேணாம்."

வாசலில் கிருஷ்ணராஜ் நின்றான். பஸ்ஸில் வந்து, நனைந்து, தெருவில் நின்ற காரைத் தேடிப் பிடித்திருக்கிறான். உள்ளே வரவில்லை. இரைச்சலுக்கு மேலாக, "ரோடே பாக்குது நிஷா. கொறைச்சு வையி" என்றான்.

அவள் திரும்பவில்லை. எழுந்து போய் ஸ்பீக்கரின் திருகியைப் பிடித்துக் கடைசிவரை திருப்பினாள். மேசையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை நடுங்கியது. எதிர்க் கடையின் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கியிருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். கையை எடுக்காமல் அவள் நின்றாள். இரைச்சல் சட்டென்று அறுந்தது. பாட்டு எங்கேயோ வெகுதூரம் நடந்து போயிருந்தது. ஒரு சொல்லின் பாதியிலிருந்து, உச்சக் குரலில், சசிதரன் தெருவுக்குக் கேட்கப் பாடிக்கொண்டிருந்தான்.