சிவப்பு அட்டை

பக்கத்து ஊர் அடுப்பு ஆலை நொடித்துப்போனது. அது தொழிலாளர்களே முதலாளிகளாக இருந்த கூட்டுறவு ஆலை. பாஸ்க் நாட்டின் அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு ஆலை விழுந்தால் அதன் ஆட்களை மற்றக் கூட்டுறவு ஆலைகள் சேர்த்துக்கொள்வது வழக்கம். அதற்கு உறுப்பினர்கள் கூடி ஓட்டுப் போட வேண்டும். தலைவிக்கும் ஒரு ஓட்டு, தரை துடைப்பவருக்கும் ஒரு ஓட்டு.

சிகோர் வேலை பார்க்கும் லிஃப்ட் ஆலையில் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவள் தலைவி நெகானே. சேர வேண்டியவர்களில் சிகோரின் தங்கை லொரேயாவின் கணவன் இபோனும் ஒருவன். அப்படியிருந்தும் சிகோர் எதிர்ப்புக்கான சிவப்பு அட்டையைத் தூக்கினான். தன்னைக் கேட்காமல் ஷிஃப்டை மாற்றிய நெகானே மேல் அவனுக்குக் கடுப்பு. இந்த மாதிரித் தீர்மானம் என்றைக்குத் தோற்றிருக்கிறது? நிறைவேறத்தான் போகிறது, அவள் தலையில் ஒரு குட்டு வைத்த மாதிரியும் இருக்கும் என்று நினைத்தான்.

திரும்பிப் பார்த்தால் அரங்கம் முழுக்கச் சிவப்பு. ஆளாளுக்கு நெகானே மேல் ஒரு கடுப்பு இருந்திருக்கிறது. மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோருமே நினைத்திருக்கிறார்கள். தீர்மானம் தோற்றது. பாவிகள் கை தட்டக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணே, நீயாவது பச்சை தூக்கினியா?" என்று லொரேயா போனில் கேட்டாள்.

"இதென்ன கேள்வி?" என்றான் சிகோர். வாய் கூசவில்லை.

ஊர்க்காரர்கள் முறை வைத்துச் சமைத்துக் கூடிச் சாப்பிடும் சமையல் சங்கத்தில் அந்தச் சனிக்கிழமை இபோனின் முறை. உள்ளே அவன் காட் மீன் சமைத்துக்கொண்டிருந்தான். லிஃப்ட் ஆலைக்காரர்கள் நீள மேசையில் தலை நிமிராமல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். நெகானே உள்ளே நுழைந்ததும் லொரேயா எழுந்துவிட்டாள்.

"வா மகராசி! நாலு பேர் வயித்துல அடிச்சிட்டு மீன் திங்க வந்துட்டியா? எங்க அண்ணன் ஒருத்தன் நின்னான் எங்களுக்காக. நீ தலைவியா இருந்து என்னத்தக் கிழிச்ச?"

ஓட்டுப் போட்ட அன்று சிகோர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். மேடையிலிருந்த நெகானே அந்த அட்டையை நேருக்கு நேர் பார்த்தவள். இப்போது அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"தப்புதான் லொரேயா. நான் இன்னும் நல்லாப் பேசியிருக்கணும்" என்றாள்.

சிகோருக்கு உடம்பெல்லாம் கூசியது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். தங்கையின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தான்.

"அவளத் திட்டாத. அவ உங்களுக்காகத் தொண்டை வத்தப் பேசினா. சிவப்பு தூக்கினது நான்."

லொரேயா அவனையே பார்த்தாள். அறைவாள் என்று எதிர்பார்த்தான். அறைந்தால் தேவலை என்றும் இருந்தது.

"அவர்கிட்டச் சொல்லிடாதே" என்றாள் மெதுவாக. "மச்சான் ஒருத்தன் நமக்காக நின்னான்னு சொல்லிச் சொல்லித்தான் மனுஷன் இந்த வாரத்த ஓட்டுறாரு. அதையும் பிடுங்கிடாதே."

இருவரும் உள்ளே வந்தார்கள். இபோன் கொதிக்கும் சட்டியோடு மேசையைச் சுற்றி நேராகச் சிகோரிடம் வந்தான்.

"மச்சான், உங்களுக்குத்தான் முதல்ல" என்று நடுத்துண்டை எடுத்தான்.

மேசையில் எல்லோரும் மறுபடி ரொட்டியைப் பிய்க்கத் தொடங்கினார்கள். சிகோர் தட்டை நீட்டினான்.